எரியும் பனிக்கட்டி: அளவறிந்து பேசுவோம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்)

அறிவியல் மாணவனுக்கு நேரக்கூடிய சோதனைகளுள் பெரியது பல்கலைக்கழகத் தேர்வு என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது தவறு. பள்ளிப் படிப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்ட தந்தை கேட்கும் கேள்வியே பெருஞ்சோதனை என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் உணர்ந்தேன்.

என் தந்தை நாகப்பட்டினத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறார். உப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கேன்களைத் தூக்கி, கட்டிகளைக் கழற்றி, உடைத்துப் படகுகளுக்கு ஏற்றிவிடும் வேலை. இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் கை ஐசில்தான் இருக்கிறது. அவரிடம், "அப்பா, கடலுக்கு அடியில் எரியக்கூடிய ஐஸ் இருக்கிறது, ஆந்திரக் கடலில் நம் நாடே கண்டுபிடித்திருக்கிறது" என்று பெருமையோடு சொன்னேன். அவர் வியப்படையவில்லை. பீடியைக் கீழே வைத்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார்.

"கட்டியா இருக்கா, தூளா இருக்கா?"

"மணல்ல பொதிஞ்சு கெடக்கா, சேத்துல பொதிஞ்சு கெடக்கா?"

"அத எடுத்துட்டா மேல இருக்கற தரை எறங்காதா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: "அதன் ஒரு படிக அலகில் 46 தண்ணீர் மூலக்கூறுகள் உண்டு; எட்டுக் கூண்டுகள் உண்டு." அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரிப்பா, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்த 46-ஐ எழுதித்தான் வகுப்புத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்!

அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடியதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்றை நண்பர்களின் முன்னும் ஆசிரியர்களின் முன்னும் வைக்க விரும்புகிறேன். ஒரு பொருளை ஒரே அளவில் அறிந்தவன் அதனை அறிந்தவன் ஆகான். மூலக்கூற்றளவில் உண்மையாய் இருப்பது கைப்பிடி அளவில் வேறு முகம் காட்டும். கடலளவில் மற்றொரு முகம் காட்டும். இதனை மறந்து பேசுவதால்தான் இந்த எரியும் பனிக்கட்டியைப் பற்றி நாட்டில் வீண் ஆசையும் வீண் அச்சமும் சேர்ந்தே வளர்கின்றன.

கூண்டும் கைதியும்

கிளாத்ரேட் ஹைட்ரேட் என்பது தண்ணீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக் கட்டிய கூண்டுக்குள் ஒரு வாயு மூலக்கூறு அடைபட்டுக் கிடக்கும் படிகம். 'கிளாத்ரேட்' என்ற பெயரை 1948-ல் பவல் என்ற ஆங்கிலேய வேதியியலார் இட்டார். கம்பியழி என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. பொருளோ அதற்கும் மூத்தது. குளோரினைக் குளிர்வித்தால் கிடைத்த திடப்பொருள் வெறும் குளோரின் அன்று, தண்ணீரும் சேர்ந்தது என்று 1811-ல் ஹம்ப்ரி டேவி கண்டார். 1823-ல் அவர் மாணவர் மைக்கேல் ஃபாரடே அதன் இயைபை அளந்தார். ஃபாரடே ஒரு கொல்லரின் மகன் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

மீத்தேன் ஹைட்ரேட்டின் படிக அலகு ஏறத்தாழ 12 ஆங்ஸ்ட்ராம் பக்கமுள்ள கனசதுரம். அதில் சிறு கூண்டு இரண்டு, பெருங் கூண்டு ஆறு. எட்டுக் கூண்டிலும் ஒவ்வொரு மீத்தேன் அமர்ந்தால், 46-ஐ 8-ஆல் வகுக்க 5.75 வரும். அதாவது ஒரு மீத்தேனுக்கு ஐந்தே முக்கால் தண்ணீர். வேதியியலில் முழு எண்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது விந்தையாகத் தோன்றும். ஆயின், இங்கே மீத்தேனுக்கும் தண்ணீருக்கும் இடையே வேதிப் பிணைப்பே இல்லை. கைதியின் கையில் விலங்கு இல்லை. அவன் உள்ளே உருண்டு புரண்டுகொண்டுதான் இருக்கிறான். இன்னும் ஒரு விந்தை: நம் ஊர்ச் சிறையில் கைதி வெளியேறினாலும் சுவர் நிற்கும், இந்தச் சிறையிலோ கைதிகள் போதிய அளவு இல்லாவிட்டால், பொதுவாகச் சுவரே நிற்பதில்லை.

கைதியின் உருவத்துக்கேற்பச் சிறையும் மாறும். மீத்தேனைவிடப் பெரிய புரோப்பேன் நுழைந்தால் 136 தண்ணீர் மூலக்கூறுகளும் 24 கூண்டுகளும் கொண்ட வேறொரு படிகம் உருவாகிறது. 1987-ல் கனடாவில் மூன்றாம் வகையையும் கண்டறிந்தார்கள்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் இது ஆங்ஸ்ட்ராம் அளவின் அறிவு. என் தந்தையின் கேள்வியோ கையால் தூக்கும் கட்டியைப் பற்றியது.

கைப்பிடி அளவில்

கையில் எடுத்தால் இது பனிக்கட்டி போலவே வெள்ளையாக இருக்கும். தண்ணீரைவிட எடை குறைந்தது, மிதக்கும். தீக்குச்சியைக் காட்டினால் எரியும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் ஏறத்தாழ 910 கிலோகிராம். அதில் மீத்தேன் 13 விழுக்காட்டுக்குச் சற்று மேல். நாம் படித்த மோல் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: இயல்பு நிலையில் 160 முதல் 170 கன மீட்டர் வாயு வெளிவரும்! மீதி ஏறத்தாழ 0.8 கன மீட்டர் தண்ணீர்.

உருவம் பனிக்கட்டி போலிருந்தாலும் குணம் வேறு. பனிக்கட்டி வெப்பத்தை நன்கு கடத்தும். ஹைட்ரேட் அதில் நான்கில் ஒரு பங்குதான் கடத்தும். படிகமாக இருந்தும் கண்ணாடி போல நடந்துகொள்கிறது. காரணம் என்ன? கூண்டுக்குள் புரளும் அந்தக் கைதிதான். படிகத்தின் வழியே செல்லும் வெப்ப அதிர்வுகளை அவன் சிதறடிக்கிறான். ஆங்ஸ்ட்ராம் அளவில் ஒரு மூலக்கூற்றின் துள்ளல், கையளவில் வெப்பம் ஊடுருவாத கட்டியாக மாறுகிறது! உறுதியிலும் அப்படியே. மெல்ல மெல்ல அழுத்தினால் பனிக்கட்டி நெகிழ்ந்து கொடுக்கும். அதே நிலையில் மீத்தேன் ஹைட்ரேட்டின் எதிர்ப்பு 20 மடங்குக்கும் மேல் என்று 2003-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்.

அது நிலைத்திருக்க அழுத்தம் வேண்டும்: 0 பாகை செல்சியசில் ஏறத்தாழ 26 வளிமண்டல அழுத்தம், 4 பாகையில் ஏறத்தாழ 40. கடலில் என்றால் 400 மீட்டருக்குக் குறையாத ஆழம். அழுத்தம் நீங்கினால் சிதையும். ஆனால் இதிலும் ஒரு விலக்கு உண்டு. உறைநிலைக்குச் சில பாகைகள் கீழே வைத்தால், அழுத்தம் இல்லாமலேயே நாட்கணக்கில் சிதையாமல் கிடக்கும். மேற்பரப்பு சிதைந்து உண்டாகும் பனிப்படலம் உள்ளிருப்பதைக் காப்பது இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இதைப் படித்தபோது உமியும் மரத்தூளும் போட்டு ஐசைக் காப்பாற்றும் எங்கள் ஊர் வழக்கம் நினைவுக்கு வந்தது. இங்கே பண்டமே தனக்கு உமி போட்டுக்கொள்கிறது!

தூளாக இருந்தால் பரப்பு மிகுதி; பரப்பு மிகுந்தால் சிதைவு விரைவு. "முழுக் கட்டியா ஏத்தினா நாலு நாள் தாங்கும், ஒடச்சுப் போட்டா மறுநாளே தண்ணி" என்று என் தந்தை படகுக்காரர்களிடம் சொல்வதைச் சிறு வயது முதல் கேட்டிருக்கிறேன். அவருடைய முதற் கேள்வி எவ்வளவு நுட்பமானது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மணலும் சேறும்

இனி இரண்டாம் கேள்வி. கடலடியில் ஹைட்ரேட் பாறை போல் அடுக்கப்பட்டிருக்கிறது என்று பலரும் எண்ணுகிறோம். பெரும்பாலும் அப்படியில்லை, படிவுகளின் துளைகளுக்குள்ளும் வெடிப்புகளுக்குள்ளும் அது ஒளிந்திருக்கிறது. ஏறத்தாழ 70 ஆங்ஸ்ட்ராம் அளவுள்ள நுண்துளைகளுக்குள் அடைத்துச் சோதித்தபோது, மீத்தேன் ஹைட்ரேட் நிலைத்திருக்கத் தேவையான அழுத்தம் 20 விழுக்காடு முதல் இரு மடங்கு வரை கூடியதை 1992-ல் கண்டறிந்தார்கள். இடம் நெருக்கடியானால் படிகத்துக்கும் வாழ்வு கடினம். ஆகவேதான் பருமணலின் பெரிய துளைகளில் அது நிறைந்து தங்குகிறது. களிமண்ணில் பெரும்பாலும் வெடிப்புகளிலும் நரம்பு போன்ற கோடுகளிலும் மட்டுமே சேர்கிறது.

நம் நாட்டுக் கதையே இதற்குச் சான்று. 2006-ல் நடந்த தேசிய ஆய்வுப் பயணத்தில் கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் 128 மீட்டர் தடிமனில் ஹைட்ரேட் கண்டார்கள். உலகில் அதுவரை கண்ட வளமான படிவுகளுள் அது ஒன்று. நாடே மகிழ்ந்தது. ஆனால் அது வெடிப்புற்ற களிமண். களிமண்ணினூடே வாயுவைக் கிணற்றுக்கு வரவழைப்பது எளிதன்று. ஆகவே 2015-ல் மீண்டும் புறப்பட்டு, மணற்படிவுகளைத் தேடிச் சென்று, அங்கே செறிவான ஹைட்ரேட்டைக் கண்டார்கள். "மணலா, சேறா?" என்று ஓர் ஐஸ் தொழிலாளி கேட்ட கேள்வியும், இரண்டாம் பயணத்தை வழிநடத்திய கேள்வியும் ஒன்றுதான் என்பதை எண்ணி எண்ணி வியந்தேன்.

குழாயும் கிணறும்

அளவு மாறும்போது அறிவும் மாறாவிட்டால் என்ன நேரும் என்பதைப் பொறியியல் உலகம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. வாயுக் குழாய்கள் குளிர்காலத்தில் அடைத்துக்கொண்டபோது, உள்ளே உறைந்திருப்பது பனிக்கட்டி என்றே எண்ணினார்கள். உறைநிலைக்கு மேலும் அடைக்கிறதே, எப்படி? அது ஹைட்ரேட் என்று 1934-ல் ஹாமர்ஷ்மிட் என்ற அமெரிக்கர் காட்டினார். நூறாண்டுக்கு மேலாக ஆய்வகத்தில் ஒரு வேடிக்கைப் பொருளாக இருந்தது அன்று தொழிலின் எதிரியாயிற்று.

2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்துப் பதினொரு தொழிலாளர் மாண்டனர். ஏறத்தாழ 1500 மீட்டர் ஆழத்தில் பீறிட்ட எண்ணெயைப் பிடிக்க, மே மாதத்தில் நூறு டன் எடையுள்ள எஃகுக் கூடாரம் ஒன்றை இறக்கினார்கள். என்னாயிற்று? வாயுவும் குளிர்ந்த கடல்நீரும் கூடி ஹைட்ரேட் உறைந்து, கூடாரத்தின் வாயை அடைத்தது. அதுமட்டுமா? தண்ணீரைவிட இலேசான அப்படிகங்கள் நிறைந்ததால் கூடாரமே மேலே எழும்பத் தொடங்கியது! முயற்சி கைவிடப்பட்டது. ஹைட்ரேட் மிதக்கும் என்பதும், அந்த ஆழத்தில் உறையும் என்பதும் நூலில் உள்ள செய்திகள்தாமே? நூலில் இருந்தது கடலடிக்குப் போய்ச் சேரவில்லை.

2013-ல் ஜப்பான், உலகிலேயே முதன்முறையாகக் கடலடி ஹைட்ரேட்டிலிருந்து வாயு எடுத்தது. ஆறு நாளில் ஏறத்தாழ 1,20,000 கன மீட்டர். பிறகு நிறுத்திவிட்டார்கள். கிணற்றுக்குள் மணல் சரிந்து வந்ததே காரணம். துளைகளில் அமர்ந்து மணலைப் பிடித்து வைத்திருந்தது ஹைட்ரேட்தானே? அதைச் சிதைத்தால் மணல் ஓடத்தானே செய்யும்? 2017-ல் சீனா தென்சீனக் கடலில் 60 நாளும், 2020-ல் 30 நாளும் எடுத்துக் காட்டியது. இரண்டாம் முறை கிடைக்கிணறு தோண்டி 8,61,400 கன மீட்டர் பெற்றார்கள். முன்னேற்றம்தான்; ஐயமில்லை. ஆயினும் இன்றுவரை எந்த நாடும் கடலடி ஹைட்ரேட்டை வணிக அளவில் எடுக்கவில்லை.

ஆசையும் அச்சமும்

இப்போது நம் பேச்சை எடைபோடுவோம். இந்தியாவின் ஹைட்ரேட்டில் 1,894 லட்சம் கோடி கன மீட்டர் வாயு உண்டு என்று ஒரு மதிப்பீடு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. நாம் ஓராண்டில் பயன்படுத்தும் இயற்கை வாயு ஏறத்தாழ 6,500 கோடி கன மீட்டர். வகுத்துப் பார்த்தால் 29,000 ஆண்டுக்குக் காணும்! பட்டிமன்ற மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கடலடியில் 'இருப்பது' வேறு, கிணற்றின் வாய்க்கு 'வருவது' வேறு. களிமண்ணின் மயிரிழை வெடிப்பில் கிடப்பதையும் கணக்கில் கூட்டிக்கொண்டு, அதைச் சமையலறை அடுப்போடு முடிச்சுப் போடுவது, கடலில் உள்ள மீனையெல்லாம் எண்ணிவிட்டுக் கடன் வாங்குவதைப் போன்றது. உலக முழுமைக்கான மதிப்பீடுகளே முந்திய கணக்கைவிடப் பன்மடங்கு குறைந்துவிட்டன என்பதை மறக்கலாகாது.

அச்சத்துக்கும் இதே மருந்துதான். கடல் சூடேறினால் ஹைட்ரேட் எல்லாம் வெடித்து உலகம் அழிந்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பமூட்டவல்லது என்பது உண்மை. ஆனால் படிவின் ஆழத்துக்கு வெப்பம் இறங்கவே நெடுங்காலம் ஆகும். சிதைவதற்கும் வெப்பம் வேண்டும். வெளிவரும் மீத்தேனில் பெரும் பகுதியைப் படிவிலும் நீரிலும் வாழும் நுண்ணுயிர்கள் உண்டுவிடுகின்றன. ஆழ்கடல் ஹைட்ரேட்டிலிருந்து பெருமளவு மீத்தேன் வளிமண்டலத்தை எட்டுவதற்குச் சான்றில்லை என்று 2017-ல் வெளிவந்த விரிவான மதிப்பாய்வு ஒன்று கூறியது. ஆய்வகக் குவளையில் கண்டதை நேரே வானத்துக்கு ஏற்றியதால் வந்த அச்சம் இது.

ஆசை கொண்டவரும் அஞ்சுபவரும் செய்யும் தவறு ஒன்றே. ஒரு மூலக்கூற்றுக்கும் ஒரு கடலுக்கும் நடுவில் உள்ள படிகளை இருவருமே தாண்டிக் குதிக்கிறார்கள். மணல், சேறு, துளை, கிணறு, குழாய் ஆகிய இந்த நடுப்படிகளில்தான் உண்மை குடியிருக்கிறது.

என் கருத்து

இந்த வாயு நமக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எரிபொருளுக்கு வெளிநாட்டை எதிர்பார்க்கும் நாடு தன் கடலை ஆராயாமல் இருக்க முடியாது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் 6000 மீட்டர் ஆழம் வரை செல்லத்தக்க ஆளில்லா ஊர்தியை உருவாக்கியிருப்பது நாம் நெஞ்சு நிமிரத்தக்க செய்தி. ஆராய்ச்சி வளர்க! ஆனால் மூன்று செய்திகளை வற்புறுத்துகிறேன்.

முதலாவது, இருப்பு எவ்வளவு, எடுக்கத்தக்கது எவ்வளவு என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கும் புள்ளிவிவரம் உண்மையாக இருந்தாலும் பொய்யின் வேலையைத்தான் செய்யும்.

இரண்டாவது, எடுப்பதற்கு முன்பே அக்கடலடியின் நிலையை அளந்து வைத்து, அந்த அளவுகளைக் கரையோர மக்களின் மொழியில் வெளியிட வேண்டும். அப்படிவுகள் 1000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உள்ளவை. எங்கள் ஊர்ப் படகின் வலை அங்கே எட்டாது. அதைச் சொன்னாலே பாதி அச்சம் தீரும். மீதிப் பாதிக்கு அளந்த எண்தான் விடை. கடலில் நடந்த சோதனைகளெல்லாம் சில நாட்கள் அல்லது சில வாரங்கள் நடந்தவை. பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தால் தரை எவ்வளவு இறங்கும் என்பதைச் சில வார அளவை வைத்து முடிவு கட்டலாகாது.

மூன்றாவது நம்மைப் பற்றியது. கூண்டின் வடிவத்தை வேதியியல் வகுப்பில் படிக்கிறோம்; வெப்பங்கடத்தலை இயற்பியல் வகுப்பில் படிக்கிறோம்; கடற்படிவை நிலவியல் மாணவர் படிக்கிறார். மூன்று வகுப்பறைக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தாண்டி ஒரு கேள்வியும் போவதில்லை. மாதம் ஒருமுறை துறைகள் கூடி ஒரே பொருளைப் பேசும் கருத்தரங்கு நடத்தினால் என்ன? அதற்குப் புதுக் கருவி வேண்டாம், பெருஞ்செலவு இல்லை. ஒரு கரும்பலகையும் ஒரு மாலைப் பொழுதும் போதும். ஆசிரியப் பெருமக்கள் இதற்கு மனம் வைக்க வேண்டுகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். அதை ஒரு குறையாக எண்ணி நான் கூசியதுண்டு; இப்போது கூசவில்லை. ஆங்ஸ்ட்ராமையும் அறிந்து, ஐம்பது கிலோ ஐஸ் கட்டியைத் தூக்கும் கையையும் அறிந்தவர்கள் நாம்தாம். இந்த இரண்டுக்கும் நடுவே போய்வர நம்மைவிடத் தகுதியுடையவர் யார்? அப்படிப் போய்வராமல், இங்கே படித்ததை இங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டம் மட்டும் வாங்கிச் செல்வோமானால், நம்மைப் படிக்க வைத்தவர்களுக்கு அதனால் என்ன பயன்?

பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்றபோது தந்தையிடம் விடை சொன்னேன். முதற் கேள்விக்குச் சொன்னேன், இரண்டாவதற்கும் சொன்னேன். மூன்றாவதற்கு, "ஜப்பான்ல மணல் சரிஞ்சுதான் வந்துச்சுப்பா. வருசக்கணக்கா எடுத்தா தரை எவ்வளவு எறங்கும்னு இன்னும் யாரும் கடல்ல அளந்து பாக்கல" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப, அளந்துட்டு எடுக்கச் சொல்லு" என்று கூறிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லியிருக்கிறேன்.